கடைக் கரி

என் அம்மாவோடு நான் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன். ஒரே வீட்டுக்குள், ஒரே அடுப்பில் வெந்த களியைத் தின்றுகொண்டு, அவள் ஏதாவது கேட்டால் சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். கோபத்துக்குக் காரணம் ஒரு கைப்பிடிக் கரி. கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரிப்பவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. அப்பாவின் தம்பி. எங்கள் மலையில், வளப்பூர் நாட்டில் எல்லோரும் சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு, பலாமரத்தில் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இருந்த காலத்தில், அவர் மட்டும் மலையிறங்கிச் சேலத்துக்குப் போய் லாரியில் கிளீனராகச் சேர்ந்துவிட்டார். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. எங்கள் ஊரில் பாதிப்பேர் லாரியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகையால் லாரியைத் துடைக்கிற சித்தப்பா எது சொன்னாலும் எடுபட்டது. ஊருக்கு வரும்போதெல்லாம் ஓர் அதிசயத்தைக் கொண்டுவருவார். ஒருமுறை டார்ச் லைட். ஒருமுறை சாவி கொடுத்தால் குதிக்கிற தகரத் தவளை. அந்த வருசம் மீன்தொட்டி.

அவருடைய லாரி முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு மீன் வளர்த்து அலுத்துப்போய்விட்டதாம். "எடுத்துக்கிட்டுப் போடா" என்று முதலாளி சொன்னாராம். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோயிருந்த அப்பாவைச் சித்தப்பா அங்கே பிடித்துக்கொண்டார். வைக்கோல் சுற்றிச் சாக்குக்குள் வைத்த கண்ணாடித் தொட்டியை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றித் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தார்கள். சித்தப்பா கையில் ஒரு தூக்குப்போசி. அதற்குள் நாலு சிவப்பு மீன்கள்.

அம்மா சந்தையிலிருந்து ஒரு புதுப் பானையும் கொஞ்சம் ஓமமும் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். பழைய தண்ணீர்ப் பானை விரிசல் விட்டிருந்தது. ஓமம் என் கைக்குழந்தைத் தங்கை பாப்பாவுக்கு. கையில் இடமில்லை என்று அப்பா இரண்டையும் விட்டுவிட்டு வந்திருந்தார். அம்மா மீன் போசியை எட்டிப் பார்த்துவிட்டுப் பாப்பாவை இடுப்பில் மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அப்போதே அவள்மேல் எரிச்சல் வந்தது. இப்படி ஓர் அதிசயம் வீட்டுக்குள் வந்திருக்கிறது, இவள் பானையை நினைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின மழைக்காலத்தில் என் தம்பி செத்துப்போயிருந்தான். ஓடியாடித் திரிந்த பிள்ளை. வயிற்றுப்போக்கு கண்டு, துணி மாதிரித் துவண்டு, அப்படியே போய்விட்டான். பூசாரி கயிறு கட்டினார், திருநீறு போட்டார். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். அவன் போன பிறகு பிறந்தவள்தான் பாப்பா. மீன் வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். தம்பியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாததால் நானும் அவனை மெல்ல மறந்துகொண்டிருந்தேன்.

தொட்டியை முன்னறையில் தானியப் பெட்டிமேல் வைத்தார்கள். மீன்கள் எனக்கு என்று சித்தப்பா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை எனக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு கொட்டாங்கச்சிக் கரண்டியும் ஒரு நொண்டி ஆட்டுக்குட்டியும்தான்.

மறுநாள் காலையிலிருந்து ஊரே வரத் தொடங்கியது. எங்கள் மலையில் மீன் என்றால் ஈஸ்வரன் கோயில் ஆற்று மீன்தான். அது சாமி என்று யாரும் பிடிக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போனால் முதலில் ஆற்றங்கரையில் நின்று மீனுக்குப் பொரி போட வேண்டும், பிறகுதான் சாமி. அந்தப் பழக்கத்திலேயே எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். வெறுங்கையோடு ஒருவர்கூட வரவில்லை. மடியில் பொரி, கடலை, அவல். தொட்டிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொண்டுவந்ததைக் கண்ணாடிக்குள் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் தேங்காய் உடைத்து அந்தத் தண்ணீரையும் ஊற்றினார். "போதுமுங்க, போதுமுங்க" என்று நான் கத்தினேன். "சாமி காரியத்துல குறுக்க வராத கண்ணு" என்று என்னைத்தான் அதட்டினார்கள்.

நாலாம் நாள் தொட்டி சாதம் வடித்த கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. நாற்றம் வேறு. ஒரு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அதைக் காப்பிச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து நான் வாசலில் மூங்கில் தடியோடு உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு பொரியோடு வந்தவர்களை நான் பேசின பேச்சு, என் வயதுக்கு ரொம்ப அதிகம்.

"பில்ட்டரு வேணும். பில்ட்டரு இல்லாம மீனு தங்காது" என்றார் சித்தப்பா. முதலாளி வீட்டில் ஒன்று இருந்ததாம். அது உடைந்துவிட்டதால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். லாரி ரிப்பேருக்கு ஷெட்டில் நிற்கிறது, எனக்கு வேலையில்லை, போய்த் தேர்ந்தெடுத்து வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார். அதுவரை தினமும் பாதித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றுவது யார்? அம்மாதான். ஓடை வீட்டுக்குக் கீழே இருக்கிறது. இடுப்பில் பாப்பா, தலையில் குடம். மீனுக்கு என்று தனியாக நடை நடந்தாள். அதே ஓடைத் தண்ணீரைத்தான் நாங்களும் குடித்தோம். மேட்டில் மாடு இறங்கினால் கீழே கலங்கும். கலங்கினால் பானையில் தெளிய வைத்து மேலாக மொண்டுகொள்வோம். அவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

சித்தப்பா திரும்பி வந்தார். கடையில் எது எதையோ காட்டினார்களாம். பஞ்சு மட்டும் வைக்கிற சின்ன டப்பா ஒன்று. அது குப்பையைப் பிடிக்கும், நாற்றத்தைப் பிடிக்காது. கல், மணல், கரி, பஞ்சு என்று அடுக்கு அடுக்காக வைக்கிற பெரிய டப்பா இன்னொன்று. அது இரண்டையும் பிடிக்கும். நம் ஊர்க்காரர்கள் கொட்டுகிற பொரிக்குப் பெரியதுதான் தாங்கும் என்று அதையே எடுத்தாராம். அதை ஓட்டுவதற்கு என்று ஒரு மோட்டாரும் வாங்கியிருந்தார். பச்சை நிறம், வால் மாதிரி ஒரு ஒயர், நுனியில் பித்தளைக் கம்பி இரண்டு. பெருமையாக எடுத்துத் தானியப் பெட்டிமேல் வைத்தார்.

அப்பா ஒயரின் நுனியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெ எங்கெடா சொருவறது? பலா மரத்துலயா?"

மலையில் கரண்ட் இல்லை என்பதைச் சேலத்துக் கடையில் நின்றபோது அவர் மறந்தே போய்விட்டார். அப்படிச் சேலத்துக்காரராகிவிட்டார். முகம் தொங்கிப்போய் அன்று முழுக்க வாசலிலேயே கிடந்தார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தார். மரவள்ளி மூட்டை கட்டுவதற்கு என்று அப்பாவுக்குப் பழைய லாரி டியூப் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதில் காற்றடைத்துவிட்டு, அந்தக் காற்றை மெல்ல மெல்லக் கசியவிட்டால் மோட்டார் எதற்கு? காற்றடிக்கப் பம்பு வேண்டுமே. அப்பாவை மறுபடி பேளுக்குறிச்சிக்கு விரட்டினார். அம்மா வாசல்வரை போய், "ஏனுங்க, பானெ" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். மலையிறங்கி, மலையேறி, பம்போடு வந்தார். பானை வரவில்லை.

பில்ட்டரைக் கோத்துப் பூட்டியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டப்பாவின் அடியில் கூழாங்கல். அதன்மேல் ஓடையில் அலசியெடுத்த மணல். அதன்மேல் கரி. எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சு. முதலில் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை வைத்தார்கள். அது நனையவே மாட்டேன் என்று மிதந்து வந்தது. பிறகு அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்தார்கள். கரியை மட்டும் சித்தப்பா யாரையும் தொட விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் தனியாக எடுத்துப்போய்க் கழுவி, ஈரத்தோடு ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்தார். "இது கடைக் கரி. மருந்து போட்டு வறுத்தது. கண்ட கரியும் இதுக்கு ஆவாது" என்றார்.

டப்பாவின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய் அடிவரை இறங்கியிருந்தது. லாரி டியூபின் வாயிலிருந்து சைக்கிளுக்குப் போடுகிற மெல்லிய ரப்பர் வால்டியூபை இழுத்து வந்து அந்தக் குழாயின் அடியில் செருகினார். நடுவில் ஒரு திருகு. அதை இறுக்கினால் காற்று குறையும், தளர்த்தினால் கூடும். டப்பாவைத் தொட்டிக்குள் இறக்கித் திருகைத் திறந்துவிட்டதும் குழாய்க்குள் குமிழி குமிழியாக ஏறியது. குமிழியோடு தண்ணீரும் ஏறி வெளியே கொட்டியது. கொட்டிய தண்ணீருக்குப் பதிலாகத் தொட்டியின் அழுக்குத் தண்ணீர் துணி வழியாக டப்பாவுக்குள் இறங்கியது. வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மறுநாள் விடிந்து பார்த்தால் தொட்டிக்கு அந்தப்புறம் சுவரில் இருந்த விரிசல்கூடத் தெரிந்தது. நாற்றம் போன இடம் தெரியவில்லை.

அம்மா பாப்பாவோடு வந்து தொட்டியின் முன்னால் நின்றாள். வேலை கிடக்கிறது என்று எதையும் நின்று பார்க்காதவள், அன்று ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கேட்டாள்.

"ஏந்தம்பி, இந்தக் கரியும் மணலும் நாம குடிக்கிற தண்ணிக்கு ஆவுமுங்களா?"

சித்தப்பா சிரித்தார். "அண்ணி, இது மீனுக்குன்னே செஞ்சதுங்க. மீனு பாவம், எங்கிட்டுப் போவும்? மனுசனுக்குத்தான் வவுறுன்னு ஒண்ணு இருக்குதுங்களே, அதுவே வடிகட்டிக்கும்."

அப்பாவும் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் பாப்பா மிரண்டு அழுதாள். அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கிப் போனாள்.

சித்தப்பா சேலம் போய்விட்டார். போகும்போது பம்பை என் கையில் கொடுத்தார். "காத்து நின்னா மீனு செத்துரும் கண்ணு. உம் பொறுப்பு." நான் காலையில் எழுந்ததும் டியூபில் காற்றடித்தேன். வெயில் ஏறினதும் அடித்தேன். விளக்கு வைத்தபின் அடித்தேன். பம்பின் கட்டையை வயிற்றில் முட்டுக்கொடுத்துத்தான் என்னால் அமுக்க முடியும். வயிறு கன்றிப்போயிருந்தது. இருந்தாலும் குமிழி ஏறுவதைப் பார்த்தால் எல்லாம் போய்விடும். மூன்று மீனும் என் விரலைக் கண்டால் கண்ணாடியோரம் வரும்.

மழை பிடித்துக்கொண்டது. ஓடை செம்மண்ணாகப் புரண்டது. எத்தனை நேரம் தெளிய வைத்தாலும் பானைத் தண்ணீர் பழுப்பாகவே இருந்தது. பாப்பாவுக்கு வயிறு போகத் தொடங்கியது. முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் பூசாரி வந்து கயிறு கட்டினார். அதற்கு அடுத்த நாள் பாப்பா அழுவதை நிறுத்திவிட்டாள். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் காற்றடித்தேன்.

அன்றைக்கு மழை கொஞ்சம் விட்டிருந்தது. மரவள்ளிக் காட்டுக்கு அப்பாவோடு போய்விட்டு வந்தேன். வாசலில் கால் வைத்தபோதே லாரி டியூப் புஸ்ஸென்று இரைகிற சத்தம் கேட்டது. உள்ளே ஓடினேன். வால்டியூப் தரையில் கிடந்து காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் டப்பா இல்லை. அதை இழுத்த இழுப்பில் அடியிலிருந்த அழுக்கெல்லாம் கிளம்பித் தொட்டி கலங்கிக் கிடந்தது. மூன்று மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அடுப்படியில் அம்மா அந்த விரிசல் விட்ட பானையின் அடியில் ஓட்டை போட்டு, இன்னொரு பானைமேல் ஏற்றி வைத்திருந்தாள். உள்ளே என் கூழாங்கல், என் மணல், என் கரி. மேலே அப்பாவின் வேட்டித் துண்டு. பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அதற்குமேல் செம்மண் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். டப்பா காலியாக மூலையில் கிடந்தது.

நான் கத்திய கத்தலில் அப்பாவே பயந்துவிட்டார். "என் மீனு! என் மீனுதான் கெடச்சுதா உனக்கு? அடுப்புல கரியே இல்லியா? ஓடையில மணலே இல்லியா? எங்கிட்டதான் எடுக்கோணுமா?" நான் கேட்டதில் நியாயம் இருந்தது. இப்போதும் சொல்வேன், நியாயம் இருந்தது. அவளைச் சுற்றி அடுப்பு நிறையக் கரி கிடந்தது.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "அடுப்புக்கரி கறியாக்கத்தான் ஆவும். இது மருந்துக் கரி. செத்த மீனுத் தண்ணியவே தெளிய வெச்சுது." பானையின் அடியில் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உம் மீனு செத்தா ஒஞ் சித்தப்பன் வேற கொண்டாருவான். இவ செத்தா ஆரு கொண்டாருவா?"

எனக்கு அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. கோபம் மூக்குக்குமேல் நின்றது. காலி டப்பாவில் அடுப்புக் கரியை அள்ளிப் போட்டுக் காற்றடித்துப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கடைக் கரி இல்லாவிட்டால் மீன் சாகும் என்று நானும்தானே நம்பிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் இரண்டு மீன் போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், கோயில் ஆற்றுக்கு ஓடினேன். ஆறு வெள்ளம் புரண்டு போய்க்கொண்டிருந்தது. பொரி போடுகிற படியில் நின்று போசியைக் கவிழ்த்தேன். சிவப்பாக ஒரு மின்னு மின்னியது, அவ்வளவுதான். பிற்பாடு அந்த ஆற்றில் சிவப்பு மீனைப் பார்த்தேன் என்று பலபேர் சொன்னார்கள். சாமியே நிறம் மாறி வந்திருக்கிறார் என்று கூடுதலாகப் பொரி போட்டார்கள்.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். அந்தத் தண்ணீரால்தானா என்று இன்றைக்கு ஒரு டாக்டரைக் கேட்டால், கரி மட்டும் போதாது, கொதிக்க வைத்திருக்க வேண்டும் என்பார். இருக்கட்டும். அம்மா அந்த மழைக்காலம் முழுக்க வேறு தண்ணீரை அவள் வாயில் படவிடவில்லை. கரியைக் கழுவிக் கழுவி, அது தூளாகிப் போகும்வரை வைத்திருந்தாள். நான் அந்தப் பானையைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். எனக்குக் குடிக்கக் கொடுத்தாலும் வாங்கவில்லை. வீம்புக்கு ஓடையில் போய்க் கையால் அள்ளிக் குடித்தேன்.

வருசங்கள் ஓடின. மலைக்கு ரோடு வந்தது, பஸ் வந்தது. அந்தப் பாப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்து, பந்தலில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, தலை நரைத்த சித்தப்பா கதை சொல்லத் தொடங்கினார். மீன்தொட்டிக் கதை. பொரி, பச்சை மோட்டார், பலாமரம். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். கடையில் வாங்கிய கரிப் பொட்டலம் மலையேறும்போது பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். மோட்டார் விசயத்தில் ஏற்கனவே மானம் போயிருந்தது. கரியும் போச்சு என்று எப்படிச் சொல்வது? யாரும் பார்க்காத நேரத்தில் எங்கள் வீட்டு அடுப்பிலிருந்தே அள்ளிக் கழுவிக் கொண்டுவந்துவிட்டாராம்.

பந்தலே சிரித்தது. கல்யாணப் பெண்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அம்மா காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப அது நம்ம அடுப்புக் கரியா தம்பி?"

"ஆமாங்க அண்ணி. உங்க கையால எரிச்ச கரிதானுங்க. கடைக் கரின்னு சொன்னதும் நீங்ககூட நம்பிட்டீங்கொ!"

மறுபடி சிரிப்பு. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்கு அவள் கேட்டபோது, ஆகும் அண்ணி, எந்தக் கரியும் ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மீனும் இருந்திருக்கும், அவளும் அன்றைக்கே பானையில் கரி போட்டு வடிகட்டத் தொடங்கியிருப்பாள். சொல்லாமல் சிரித்தார்கள். இப்போதும் அதே சிரிப்பு. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அதற்குமுன் அம்மாவைப் பார்க்க உள்ளே போனேன்.

விருந்துச் சமையல் வெளியே நடந்ததால் வீட்டு அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் அதன் முன்னால் குந்தியிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"உந் தம்பி வவுறு போயிக் கெடந்தப்பவும் இந்த அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு கண்ணு" என்றாள்.

மீன் முக்கியமா பாப்பா முக்கியமா என்று பார்த்துப் பாப்பாவை எடுத்துக்கொண்டாள் என்றுதான் ஒன்பது வயதில் நான் நினைத்திருந்தேன். அந்தப் பானையில் தண்ணீர் சொட்டுவதை அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் மடியில் கிடந்தது ஒரு பிள்ளை அல்ல, இரண்டு பிள்ளைகள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெளியே சித்தப்பா அடுத்த கதைக்குப் போயிருந்தார். நான் பந்தலுக்குத் திரும்பிப் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.